மேடு தட்டிய குழி

அத்தியாயம் 9

"என் புருஷன் திருடன்தான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும், சார்ஜென்ட்டம்மா" என்றாள் நெலிதா.

ஒதிலியா போலீஸ் உடுப்பைக் கழற்றி வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் பராகுவாய் எல்லையை ஒட்டிய சாக்கோ மாநிலத்தின் இந்த வறண்ட மூலையில் அவள் இன்னும் சார்ஜென்ட்தான். உடுப்பில் இருந்தபோதும் சரி, அதைக் கழற்றிவிட்டுத் தனியாகத் துப்புத் துலக்க ஆரம்பித்த பிறகும் சரி, அவளிடம் வந்த மனைவிகள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லை. இவள் ஒருத்திதான் தலைகீழாகக் கேட்கிறாள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றான் லிசாந்த்ரோ. "எங்ககிட்ட வர்றவங்க புருஷனுக்கு வெள்ளையடிக்கச் சொல்லித்தான் வருவாங்க. கரி பூசச் சொல்லி யாரும் வந்ததில்லை."

லிசாந்த்ரோ ஒதிலியாவின் உதவியாளன். அதற்கு முன்னால் மாநிலத் தலைநகர் ரெசிஸ்தென்சியாவில் பிணவண்டி ஓட்டினான். அந்த வேலையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காததால் இப்போது சேர்த்து வைத்துப் பேசுகிறான் என்பது ஒதிலியாவின் கணிப்பு.

நெலிதா சிரிக்கவில்லை. "திருடனா இருந்தா அவர் இப்ப பராகுவாயிலயோ பிரேசில்லயோ எங்கயாவது உட்கார்ந்து பீர் குடிச்சிட்டிருப்பார். யோக்கியனா இருந்தா..."

அதற்கு மேல் அவள் போகவில்லை. போகவும் தேவையில்லை. யோக்கியனான ஒரு மனிதன் ஐந்து வாரமாக வீட்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"போலீஸ் திருடன்னு எழுதிட்டுத் தூங்கப் போயிடுச்சு" என்றாள் நெலிதா. "திருடன்னா தேடணுமா இல்லையா? தேடிப் பிடிங்க. விலங்கு மாட்டி இழுத்துட்டு வாங்க. ஜெயில்ல போடுங்க. வாரா வாரம் சோறு கட்டிக்கிட்டு நான் போறேன். எனக்கு அது போதும்."

அல்காரோபோ மரத்தடியில் நாலு நாற்காலி. நெலிதாவின் தம்பி ருதெசிந்தோ குவளையில் பச்சிலைத் தூளைப் போட்டு, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை ஊற்றி, முறை வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயசுக்காரன். தோள் இரண்டும் மாட்டுத் தோள். அக்கா தனியாளான பிறகு கூரையைச் சரி செய்தது, விறகு வெட்டிப் போட்டது, கிணற்றுக் கயிறு மாற்றியது எல்லாம் அவன்தான். 

விஷயம் சின்னது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து இரும்பு விண்கற்கள் கொட்டிய பூமி இது. விழுந்த இடமெல்லாம் அகலமான பள்ளம். மழையில் குளம், வெயிலில் ஆடு மேயும் கிண்ணம். அடியில் புதைந்திருக்கும் இரும்புக் கல் அரசாங்கச் சொத்து, தோண்டினால் ஜெயில். தோண்டிக் கொடுத்தால் வாங்கிப்போக எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறான். லோமா செக்கா கிராமத்தில் தோண்டாத ஆம்பிளை கிடையாது. நெலிதாவின் கணவன் எவாரிஸ்தோவும் ஒரு காலத்தில் தோண்டியவன்தான். அதனால்தான் பள்ளங்களைக் காக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள்.

ஒற்றைக்கண்ணி என்று ஊரார் பெயர் வைத்த பள்ளத்தின் ஓரத்தில் ஒரு டன் எடைக் கல் புதைந்து கிடப்பதை அவன்தான் கண்டுபிடித்தான். மேலிடத்துக்குச் சொன்னான். அடையாளத்துக்கு ஒரு கழி நட்டான். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் மதிய வேளையில், காணாமல் போனான். கழி நட்ட இடத்தில் குழி தோண்டி மூடியிருந்தது. காவலாளியே கல்லைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் பேசியது. அவனைக் கடைசியாகப் பார்த்த சாட்சி, பச்சிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்.

"நீ பார்த்ததைச் சொல்லு" என்றாள் ஒதிலியா.

"வெள்ளை லாரி" என்றான் ருதெசிந்தோ, குவளையைப் பார்த்தபடி. "பின்னால தார்ப்பாய் போட்டு மூடியிருந்துது. அடியில கல்லு. பாரத்துல டயரு அமுங்கிப் போய் இருந்துது. முன்னால டிரைவர் பக்கத்துல மச்சான்."

"கையை அசைச்சாரே, அதைச் சொல்லு" என்றாள் நெலிதா.

"ஆமா. கையை அசைச்சார்."

"எந்தக் கை?"

"வலது கை, அக்கா. சன்னலுக்கு வெளியே விட்டு."

நெலிதா ஒதிலியாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. வானொலியில் பிடித்த பாட்டை மறுபடி போடச் சொல்லிக் கேட்பவர்களிடம் ஒதிலியா அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாள்.

"மதியத்துல நீ முழிச்சிட்டா இருந்தே, மாப்ளே?" என்றான் லிசாந்த்ரோ. "இந்த ஊர்ல அந்த நேரத்துக்குப் பல்லியும் வெளியூர்க்காரனும்தான் நடமாடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஒரு ஆடு தப்பிப் போயிடுச்சு. தேடப் போனேன்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பரவாயில்லை. உங்க வீட்ல காணாமப் போனது ஒண்ணாவது கிடைச்சுதே."

"லிசாந்த்ரோ" என்றாள் ஒதிலியா. 

ஒதிலியா நெலிதாவிடம் கேட்டாள். "அந்த மூடின குழியை போலீஸ் தோண்டிப் பார்த்தாங்களா?"

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"மூடின குழியையா?" என்றாள் நெலிதா. "எதுக்கு?"

ஒதிலியா வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த கூர்நுனிக் கம்பியைக் காட்டி, "அது எவாரிஸ்தோவோடதா? இரவல் குடு" என்றாள்.

*

வண்டியின் சன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. புழுதி ஏறும். லிசாந்த்ரோ கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டினான்.

"ஒண்ணு கேக்கணும், சார்ஜென்ட்டம்மா. மூடின குழியைத் தோண்டினாங்களான்னு நீங்க கேட்டதும், கக்கூஸ்ல உட்கார்ந்து சாப்பிடுவீங்களான்னு கேட்ட மாதிரி பார்த்தாங்களே. அப்படி என்ன கேட்டுட்டீங்க?"

"நீ நகரத்துக்காரன். உனக்குத் தெரியாது. இங்கே நிலமெல்லாம் மாட்டுப் பண்ணைக்காரங்களோடது. திருட்டுத்தனமா கல்லு தோண்டறவனைக் கண்டும் காணாம விடுவாங்க. ஒரே ஒரு கட்டளை. தோண்டின குழியை மூடிட்டுப் போகணும். திறந்த குழியில மாட்டுக் கால் மாட்டுச்சுன்னா கால் போச்சு, மாடு போச்சு. அப்புறம் பண்ணைக்காரன் துப்பாக்கியோட வருவான்."

"நியாயம்தான். நானும் குழியை மூடற தொழில்லதான் இருந்தேன்."

"சும்மா மூடினாப் போதாது. தோண்டும்போதே மேல் கறுப்பு மண்ணை ஒரு பக்கம், அடிக் களிமண்ணை இன்னொரு பக்கம் குவிக்கணும். மூடும்போது களிமண் முதல்ல, கறுப்பு மண் கடைசியில. காலால மிதிச்சு இறுக்கணும். அப்பத்தான் திரும்பப் புல்லு வரும். பொடியனா இருக்கும்போதே இதைக் கத்துக்குவானுங்க. கை தானா செய்யும்."

"சரி. ஆனா மூடினதை ஏன் திறக்கக் கூடாது?"

"கூடாதுன்னு இல்லை. யாரும் திறக்க மாட்டாங்க. மூடின குழின்னா கல்லு போயிடுச்சுன்னு அர்த்தம். குடிச்சு முடிச்ச பாட்டிலை யாராவது திறந்து பார்ப்பாங்களா?"

லிசாந்த்ரோ கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க மாமா பார்ப்பார்" என்றான்.

ஒதிலியா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். இந்த வழக்கை எடுத்துக்கொண்டபோதே அவளுக்கு ஒன்று தெரியும். எவாரிஸ்தோ போன அன்று மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே எடுத்துப் போன தண்ணீர்ப் பாட்டிலும் சின்னது. இரண்டையும் நெலிதாவே சொன்னாள், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல். பிரேசில் போகிறவன் அவ்வளவு தண்ணீரோடு போகமாட்டான். பக்கத்தில் போய்விட்டுத் திரும்புகிறவன் அவ்வளவுதான் எடுத்துப்போவான்.

ஆனால் பாட்டிலை வைத்து ஒரு மனிதனை யோக்கியன் ஆக்க முடியாது. அதைச் செய்ய அவளுக்கு அவசரமும் இல்லை.

*

ஒற்றைக்கண்ணி பெரிய பள்ளமில்லை. முள்மரங்களுக்கு நடுவே ஓர் ஆழமில்லாத தட்டு, நடுவில் வற்றிப்போன சேறு. லிசாந்த்ரோ விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான்.

"இதுதானா? வானத்துலேருந்து விழுந்ததுன்னதும் நான் என்னவோன்னு நெனைச்சேன். எங்க ஊர் ரோட்டுல இதைவிடப் பெரிசு இருக்கு. நடுவுலதானே கல்லு கிடக்கணும்?"

"வெளியூர்க்காரன் எல்லாரும் நடுவுலதான் தோண்டுவான். நேரா விழலை அது. மேற்கேருந்து சாய்வா வந்து, மண்ணுக்குள்ள வழுக்கிக்கிட்டே போய்க் கிழக்கு ஓரத்துக்கு அடியில நின்னுது. தொப்பி ஒரு இடத்துல, ஆள் ஒரு இடத்துல."

கிழக்கு விளிம்பில் குழி மூடிய தடம் இருந்தது. ஒதிலியா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கறுப்பு மண் மேலே. களிமண்ணின் வெளிறல் ஒரு துளி இல்லை. வரிசையாக மிதித்து இறுக்கியிருந்தது. நுனி கடிபட்ட இளம்புல் அடர்த்தியாக வந்திருந்தது.

"லாரியில வந்த திருடனுங்க செஞ்ச வேலையா இது?" என்றாள். "காவலாளியைக் கூட்டு சேர்த்துக்கிட்டு, அரசாங்கச் சொத்தைத் தூக்கி வண்டியில போட்டுட்டு, அப்புறம் பொறுமையா உட்கார்ந்து மண்ணை வகை பிரிச்சா மூடிக்கிட்டிருந்தானுங்க?"

"எவாரிஸ்தோ மூடியிருக்கலாம். பழக்கதோஷம்."

"இருக்கலாம். அப்போ இதைச் சொல்லு. ஒரு டன் கல்லு. எண்ணெய் பீப்பாயில பாதிக்கு மேல நிரப்பும். அதை வெளியே எடுத்துட்டு, தோண்டின மண்ணைத் திருப்பிப் போட்டா என்ன ஆகும்?"

"மண்ணு பத்தாது."

"இங்க?"

லிசாந்த்ரோ பார்த்தான். பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தான். குழி இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிட ஒரு சாண் உயரமாக, மெத்தை போல எழும்பியிருந்தது.

"தோண்டின மண்ணு ரொட்டி மாவு மாதிரி உப்பும்ல?" என்றான். குரலில் நம்பிக்கை இல்லை.

"உப்பும். மூடினதுமே ரெண்டு பெரிய மழை பெஞ்சிருக்கு. உப்பினது இந்நேரம் இறங்கியிருக்கணும்."

"அப்போ..."

"அப்போ இதுலேருந்து எதுவும் வெளியே போகலை. உள்ளே போயிருக்கு."

அவன் கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஒதிலியா கம்பியை எடுத்தாள். சாக்கோ சமவெளியின் மண்ணில் கல்லே கிடையாது. கூழாங்கல்கூட இல்லை. குழந்தைகள் சண்டையில் எறிய மண்கட்டியைத்தான் தேட வேண்டும். இங்கே கம்பியை மண்ணில் செலுத்தி ஏதாவது தடுத்தால் அது ஒன்று வேராக இருக்கும், இல்லை வானத்திலிருந்து வந்ததாக இருக்கும். வேர் சத்தம் போடாது.

அவள் மேட்டின் ஓரத்துக்குப் போய், வெளியே இருந்து உள்நோக்கிச் சாய்வாகக் கம்பியை இறக்கினாள்.

"நடுவுல குத்தினா சீக்கிரம் தெரிஞ்சிடுமே" என்றான் லிசாந்த்ரோ.

ஒதிலியா அவனைப் பார்த்தாள். நடுவில் ஏன் குத்தக் கூடாது என்பது அவனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றினான்.

கம்பி ஆளுயரத்தில் பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. பிறகு நின்றது. அவள் மேல்நுனியில் ஒரு கல்லால் தட்டப் பார்த்தாள். கல் ஏது? காலணியைக் கழற்றி அதன் குதிகாலால் ஓங்கி அடித்தாள்.

ணங்.

மணியை மெத்தைக்குள் வைத்து அடித்த மாதிரி, அடியிலிருந்து வந்தது.

"கல்லு இங்கேயேதான் இருக்கு" என்றான் லிசாந்த்ரோ மெதுவாக. "அப்போ லாரியில என்ன போச்சு?"

"லாரியே போகலை."

பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் நின்ற சத்தம் ஏற்கெனவே கேட்டிருந்தது. ஒதிலியா திரும்பவில்லை.

"வா, ருதெசிந்தோ" என்றாள். "உனக்காகத்தான் காத்திருக்கோம்."

*

அவன் கையில் துணி மூட்டை இருந்தது. "அக்கா ரொட்டி பொரிச்சுக் குடுத்தா" என்றான். "நீங்க சாப்பிடாம போயிட்டீங்கன்னு."

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மூட்டையை வண்டியின் மூக்கின் மேல் வைத்தான். நிமிர்ந்து நிற்கும் கம்பியைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் கொன்னே?" என்றான் லிசாந்த்ரோ.

"நான் கொல்லலை."

"சரி, உன் மச்சான் தானா இறங்கிப் படுத்து, தன் மேல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டாரா?"

"லிசாந்த்ரோ, வண்டிக்குப் போ."

"நான் இங்கேயே நிக்கறேன், சார்ஜென்ட்டம்மா. பேசலை."

ருதெசிந்தோ புல்லைப் பார்த்துப் பேசினான். கல் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். மச்சானே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னது. வாங்க ஓர் ஆள் இருந்தான், மறுநாள் லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து ருதெசிந்தோ தனியாகத் தோண்டினான். ஓரத்துக்கு அடியில் குடைந்து போக வேண்டியிருந்தது. கல் கையில் தட்டுப்பட்டபோது மேலே நிழல் விழுந்தது.

"மச்சான் நின்னுட்டிருந்தார். திட்டுவார்னு நெனைச்சேன். திட்டலை. குழிச் சுவரைப் பார்த்தார். 'மேல வாடா, சுவரு விரிசல் விட்டிருக்கு'ன்னார். என்னைப் பிடிக்கறதுக்குத்தான் அப்படிச் சொல்றார்னு நெனைச்சேன். 'வரமாட்டேன், போய் போலீஸைக் கூட்டிட்டு வா'ன்னேன்."

"அப்புறம்?"

"குதிச்சுட்டார். இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சு என்னைத் தூக்கி வெளியே தள்ளினார். ஒரு மூட்டையைத் தள்ற மாதிரி. நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள..." அவன் ஒரு கையால் இன்னொரு கையை மூடிக் காட்டினான். "சத்தம்கூட இல்லைம்மா. மண்ணு உட்கார்ந்துடுச்சு."

காற்று இல்லை. முள்மரத்தில் ஒரு புறா தொடர்ந்து கத்திக்கொண்டிருந்தது.

"கையாலயே தோண்டினேன். மண்வெட்டி பட்டுடும்னு. தலை வந்துது. வாயெல்லாம் மண்ணு. விரலை விட்டு எடுத்தேன். மூச்சு இல்லை."

"அப்பவே ஊருக்குள்ள ஓடியிருக்கணும்."

"ஆமாம்மா."

"ஏன் ஓடலை? ஜெயிலுக்கு பயமா?"

"பயந்தான்." அவன் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கிறவனின் முகம் அல்ல அது. தனக்கே விளங்காததைத் தேடுகிறவனின் முகம். "ஓடத்தான் எழுந்தேன். குழி திறந்து கிடந்துது. திறந்து போட்டுட்டுப் போகக் கூடாதுல்ல? மூடிட்டுப் போவோம்னு ஆரம்பிச்சேன். களிமண்ணு, அப்புறம் கறுப்பு மண்ணு. மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் நான் என்ன பண்றேன்னு எனக்கு உறைச்சுது. அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

லிசாந்த்ரோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மிதிச்சேம்மா" என்றான் ருதெசிந்தோ. "இந்தக் காலால."

கொலைகாரர்களை ஒதிலியாவுக்குக் கையாளத் தெரியும். இவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "லாரி?" என்றாள் கடைசியில்.

"சாயங்காலம் அக்கா கேட்டா, மச்சானைப் பார்த்தியாடான்னு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லாரின்னு வந்துடுச்சு. மறுநாள் திரும்பக் கேட்டா. எப்படி உட்கார்ந்திருந்தார், என்ன சட்டை, உன்னைப் பார்த்தாரா. பார்த்தார்னேன். அன்னிக்குத்தான் அவ சாப்பிட்டா. அதுலேருந்து தினமும் கேக்கறா. தினமும் கொஞ்சம் சேர்க்கறேன். கையசைச்சது போன வாரம் சேர்த்தது."

"அவரைத் திருடன் ஆக்கிட்டியேடா."

"ஆமாம்மா. ஆனா உயிரோட வெச்சிருந்தேன்."



லிசாந்த்ரோ ஒதிலியாவைத் தனியாக வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனான். அவன் குரலில் வழக்கமான குறும்பு ஒரு துளி இல்லை. "சார்ஜென்ட்டம்மா, நான் ஒண்ணு சொல்றேன், அடிக்காதீங்க. லாரி நம்பர் கிடைக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். மூடின குழியை இந்த ஊர்ல எவனும் திறக்கப் போறதில்லை. அந்தம்மா பிரேசிலைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த ஆளுக்கு."

"அவர் செத்துட்டார்."

"அதனாலதான். தன்னைப் பத்திச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. தோண்டறவனைப் பிடிக்கப் போயி, அவனைக் காப்பாத்திட்டு அங்கே கிடக்கார். ஊரெல்லாம் திருடன்னு துப்புது. நாலு நாள் கழிச்சு இவன் குடிச்சுட்டு உளறுவான். அப்போ அவ சந்தைக்கடையில நின்னு அதைக் கேக்கணுமா?"

லிசாந்த்ரோ பூட்ஸால் தரையைக் கிளறினான். "எனக்கு இந்த வேலையே வேணாம்" என்றான்.

"எனக்கும்தான். வண்டியை எடு."

அவள் ருதெசிந்தோவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவன் வாயைத் திறந்தான். ஐந்து வாரமாக லாரியை ஓட்டிப் பழகிய வாய். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

*

வீட்டின் பின்பக்கம், நிழலில், நெலிதா ஆட்டுப்பாலைத் திரியவைத்துத் துணியில் கொட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள். பாலாடைக்கட்டி போட. வெளுத்த நீர் விரல்களின் வழியே சட்டிக்குள் சொட்டியது. நாய் பக்கத்தில் படுத்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்பர் ஏதாவது கிடைச்சுதா?" என்றாள் நிமிராமல்.

"லாரி எதுவும் வரலை, நெலிதா."

"வெள்ளை லாரி. இவன் பார்த்திருக்கான். டேய், சொல்லுடா."

ருதெசிந்தோ முற்றத்தின் ஓரத்தில், வண்டியை விட்டு நகராமல் நின்றான்.

"கல்லு அங்கேயே இருக்கு" என்றாள் ஒதிலியா. "கம்பியை விட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கலை."

நெலிதாவின் கைகள் நின்றன. அவள் இந்த ஊர்க்காரி. அடுத்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல் அங்கே இருந்தால் அவன் திருடவில்லை. திருடவில்லை என்றால் ஓடவில்லை. ஓடவில்லை என்றால், மூடிய குழிக்குள் இன்னும் கல் இருக்கும்போது ஒருவன் அதை எதற்கு மூட வேண்டும்? ஒவ்வொரு படியாக அவள் இறங்குவதை ஒதிலியா பார்த்தாள். கைகொடுக்க வழியில்லை.

"அங்கேயா?" என்றாள் நெலிதா.

"அங்கேதான்."

"அக்கா, சுவரு இடிஞ்சு..." என்று ஆரம்பித்தான் ருதெசிந்தோ.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஈரக்கையை மட்டும் உயர்த்தினாள். அவன் நிறுத்திவிட்டான். நடந்ததை ஒதிலியா சொன்னாள். சுருக்கமாக, எதையும் கூட்டாமல், எதையும் விடாமல். பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளியதைச் சொன்னாள். மிதித்ததையும் சொன்னாள்.

நெலிதா கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. "உங்ககிட்ட நான் இதையா கேட்டேன்?" என்றாள்.

"இல்லை" என்றாள் ஒதிலியா.

"நான் கேட்டது வேற."

"ஆமா."

துணியிலிருந்து நீர் சொட்டியது. நெலிதா அதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அங்கே புல்லு வந்திருக்குல்ல?" என்றாள். "மூடின இடத்துல?"

"வந்திருக்கு."

"தெரியும். பச்சையா இருந்துது. சுத்து வட்டாரத்துல எங்கயும் அப்படி இல்லை. எல்லாம் காஞ்சு கிடக்கு. அதான் இந்த வாரம் பூரா ஆட்டை அங்கதான் ஓட்டிக்கிட்டுப் போனேன். நல்லா மேஞ்சுதுங்க. பால்கூட ஜாஸ்தி."



நெலிதா எழுந்தாள். துணியை அதற்குள் இருந்ததோடு அப்படியே சட்டியில் போட்டாள். சட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு முற்றத்தின் கோடிக்குப் போய், மெதுவாக, தெறிக்காமல், வெறுந்தரையில் ஊற்றினாள். நாய் எழுந்து ஓடி வந்தது. அவள் அதைக் காலால் தள்ளினாள். அது மறுபடி வந்தது. மறுபடி தள்ளினாள். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் திட்டுக்கும் நாய்க்கும் குறுக்கே நின்றாள். மண் அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.